போதும் என்று சொல்லும் பெட்டி

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பழகியவர்களுக்கெல்லாம் ஒரு வித்தை தெரிந்திருக்கும். பரிமாறுகிறவர் வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டாந்தரம் வரும்போது, இரண்டு கைகளையும் இலைக்குக் குறுக்கே நீட்டி, "போதும், போதும்!" என்று சொல்லுகிற வித்தைதான். பார்ப்பதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய நேரம் என்று ஒன்று இருக்கிறது. முந்திச் சொன்னால் அரை வயிற்றோடு எழுந்திருக்க வேண்டும். பிந்திச் சொன்னால், அன்றைக்கு முழுவதும் திண்ணையில் சாய்ந்து கிடந்து சுக்குக் கஷாயம் குடிக்க வேண்டும்.

இந்த வித்தை தெரியாத ஒரு பிராணி உலகத்தில் உண்டு. அதன் பெயர் பாட்டரி. சூரியன் என்கிற பரிமாறுகிறவரோ மகா தாராளமானவர். காலை ஏழு மணிக்குக் கரண்டியை எடுத்தால் மாலை ஐந்தரை வரை கீழே வைக்கமாட்டார். பாட்டரிக்குக் கையும் இல்லை, வாயும் இல்லை. அதற்குப் பதிலாக இலையை மறித்துப் "போதும்" என்று சொல்லுவதற்காகவே ஒரு பெட்டி கண்டுபிடித்திருக்கிறார்கள். அதற்குச் சார்ஜ் கண்ட்ரோலர் என்று பெயர். உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்த அளவுதான் இருக்கும். சோலார் பேனல் வாங்குகிறவர்கள் பேனலைத் தட்டிப் பார்க்கிறார்கள். பாட்டரியைத் தூக்கிப் பார்க்கிறார்கள். இந்தப் பெட்டியை மட்டும் ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அப்படி ஏறிட்டுப் பார்க்காமல் விட்டதனால் என் அக்கா பட்ட பாட்டைச் சொன்னால், மற்றவர்களுக்கு உபயோகமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

அக்கா இருப்பது ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் பக்கத்தில், ஒரு தோட்டத்து வீட்டில். ரோட்டிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் கொண்டுவர எத்தனையோ கம்பங்கள் நட வேண்டும். அத்திம்பேர் காலமான பிறகும் அவள் அந்த வீட்டை விட்டு வரச் சம்மதிக்கவில்லை. ஆனால் சர்க்கரை வியாதிக்காக இன்சுலின் போட்டுக்கொள்ளுகிறவள். திறக்காத இன்சுலின் புட்டியை 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும். அதற்காக ஒரு சின்னக் குளிர்ப்பெட்டி வேண்டும். குளிர்ப்பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். ஆகவே 2021 தை மாதத்தில் கூரைமேல் 100 வாட் பேனல்கள் நாலும், மூடி திறக்க முடியாத சீல் வைத்த பாட்டரிகள் இரண்டும், போதாக்குறைக்கு 400 வாட் காற்றாடி ஒன்றும் வாங்கிப் போட்டாள். அந்தக் கணவாய்க் காற்றைச் சும்மா விடுவானேன் என்பது அவளுடைய வாதம். சுற்றிலும் முப்பந்தலில் நூற்றுக்கணக்கான பெரிய காற்றாடிகள் சுழலுவதை நாள்தோறும் பார்க்கிறவளுக்கு அப்படித் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

விற்ற கம்பெனியின் ஆள் வந்தான். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாட்டினான். பெட்டியைப் பார்வையாக இருக்கட்டும் என்று முன்கூடத்துச் சுவரில் அறைந்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். பதினாலாம் மாதம் இரண்டு பாட்டரிகளும் வயிறு உப்பிப்போய் உயிரை விட்டன. முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போன பண்டம்! கம்பெனிக்குப் போன் செய்ததில், "வெயில் ஜாஸ்தி அம்மா, எங்கள் பொறுப்பு இல்லை" என்று பதில் வந்தது. சூரியச் சரக்கு விற்கிறவர்கள் சூரியன்மேல் பழி போட்டால் நாம் எந்தக் கோர்ட்டுக்குப் போவது? பத்து நாள் வரைக்கும் அக்கா தன் மருந்தைப் பக்கத்து ஊர் டாக்டர் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு, பஸ் ஏறிப் போய் எடுத்துக்கொண்டு வந்தாள்.

அப்போதுதான் நாகர்கோவிலிலிருந்து ஒரு பையன் வந்தான். ஐ.டி.ஐ. படித்தவன். வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். அவன் செத்துப்போன பாட்டரிகளை முதலில் பார்க்கவில்லை. நேரே பெட்டிக்குப் போனான். அதன் பொத்தானை நாலு தரம் அமுக்கினான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணாச்சி, வந்தவருக்குப் பத்தியச் சாப்பாடு போட வேண்டிய வீட்டில் விருந்து போட்டிருக்காங்க" என்றான்.

விஷயம் இதுதான். பாட்டரிகளில் பல ஜாதி உண்டு. மூடி திறந்து தண்ணீர் ஊற்றுகிற ஜாதி ஒன்று. சீல் வைத்த ஜாதி ஒன்று. உள்ளே திராவகம் பாகுபோல் இறுகியிருக்கும் ஜெல் ஜாதி ஒன்று. இப்போது வருகிற லித்தியம் இரும்பு பாஸ்பேட் ஜாதி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் போதும் என்கிற அளவு வேறு. பெட்டியில் எல்லா அளவும் உண்டு. எது வேண்டும் என்று ஒரு மனிதன்தான் அமுக்கிச் சொல்ல வேண்டும். வந்த ஆள் சொல்லவில்லை. கம்பெனியில் எந்த நிலையில் வைத்து அனுப்பினார்களோ, அதே நிலையில் விட்டுவிட்டான். அது தண்ணீர் ஊற்றுகிற பாட்டரிக்கான நிலை.

12 வோல்ட் ஈயப் பாட்டரி என்பது ஆறு அறைகளைக் கோத்த ஒரு மாலை. நன்றாக நிரம்பி ஓய்வாக இருக்கும்போது 12.6, 12.7 வோல்ட் காட்டும். அதை நிரப்புவதற்கோ இன்னும் மேலே தள்ள வேண்டும். முதலில் வருகிற மின்சாரத்தையெல்லாம் அப்படியே விழுங்கும். பசித்தவன் முதல் சோற்றை விழுங்குவது போல. 14.4 வோல்ட் வந்ததும் பெட்டி அங்கேயே பிடித்து நிறுத்தி, ஓரிரண்டு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். கடைசி ஐந்தில் ஒரு பங்கு மெதுவாகத்தான் இறங்கும், அவசரப்படுத்த முடியாது. அதற்குப் பிறகு 13.6 வோல்ட் அளவில் இறக்கி, பசி எடுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இந்த மூன்று படிகளும் கிரமமாக நடந்தால் பாட்டரி பல வருஷம் இருக்கும்.

தண்ணீர் ஊற்றுகிற பாட்டரிக்கு மட்டும் நாலாவது படி ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் மாதம் ஒருமுறை குழந்தைகளைப் பிடித்து வைத்து விளக்கெண்ணெய் புகட்டுவார்களே, அந்த மாதிரி. எப்போதாவது ஒருமுறை 15 வோல்ட்டுக்கு ஏற்றி உள்ளே இருப்பதைக் கொதிக்க விட்டால், தகடுகளில் படிந்த உப்பெல்லாம் கழன்று, எல்லா அறைகளும் ஒரே நிலைக்கு வரும். ஆவியாகப் போன தண்ணீருக்குப் பதில் பாட்டரித் தண்ணீரை ஊற்றிவிடலாம். ஆனால் சீல் வைத்த பாட்டரிக்கு விளக்கெண்ணெய் கொடுத்தால் என்ன ஆகும்? போன தண்ணீர் போனதுதான். திரும்ப ஊற்ற வழி இல்லை. அக்கா வீட்டுப் பெட்டி மாதம் தவறாமல் அந்தச் சிகிச்சையைச் செய்திருக்கிறது. பதினாலு மாதம் தாங்கியதே பெரிய காரியம் என்றான் பையன்.

வெயிலும் நிரபராதி அல்ல. ஆனால் கம்பெனிக்காரர் சொன்ன மாதிரி அல்ல. சூடு ஏற ஏறப் பாட்டரியின் வயிறு சுருங்குகிறது. 25 டிகிரியில் 14.4 வோல்ட் கேட்கிற பாட்டரிக்கு, 40 டிகிரியில் 14 வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே போதும் என்று ஆகிவிடும். இதைத் தெரிந்துகொள்ளுவதற்காகப் பெட்டியோடு ஒரு சின்ன வயரும், அதன் நுனியில் ஓர் உணர்வுக் குமிழும் கொடுத்திருக்கிறார்கள். குமிழைப் பாட்டரியின் பக்கவாட்டில் ஒட்ட வேண்டும். அந்தக் குமிழ் பிரிக்காத பிளாஸ்டிக் உறைக்குள், அட்டைப்பெட்டியின் அடியில், பரம சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பாட்டரிகளோ தகரக் கொட்டகையில் வெந்துகொண்டிருந்தன.

பையன் தகரக் கொட்டகையை விட்டுப் பாட்டரிக்குக் கிழக்குத் தாழ்வாரத்தில், காற்றோட்டமான நிழலில் இடம் பார்த்தான். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அதனால் பக்கத்தில் அகல் விளக்குக்கூட வைக்கக்கூடாது என்று அக்காவிடம் இரண்டு தரம் சொன்னான். புதிதாக வாங்கியவை தண்ணீர் ஊற்றுகிற டியூபுலர் பாட்டரிகள். பெட்டியையும் முன்கூடத்திலிருந்து கழற்றி, பாட்டரியிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் கொண்டுவந்து மாட்டினான்.

"அங்கேயே இருந்தால் என்ன? அழகாகத்தானே இருந்தது?" என்று அக்கா கேட்டாள்.

அவன் வாயால் பதில் சொல்லவில்லை. பழைய வயரைக் கொண்டே தாற்காலிகமாக இணைத்து, வெயில் நன்றாக அடிக்கிற வேளையில் மல்டிமீட்டரை எடுத்தான். பெட்டியின் முனையில் 14.4 வோல்ட். ஐந்து மீட்டர் தள்ளிப் பாட்டரியின் முனையில் 13.5! நடுவில் இருந்த 4 சதுர மில்லிமீட்டர் வயர் ஏறக்குறைய ஒரு வோல்ட்டைத் தின்றுவிட்டது. 20 ஆம்பியர் ஓடும்போது அந்த வயரில் அவ்வளவு போய்த்தான் தீரும். பெட்டி தன் வாசலில் பார்த்துவிட்டு, "சரி, நிரம்பிவிட்டது" என்று நினைக்கிறது. உள்ளே இருக்கிறவன் இன்னும் பாதி வயிறு. 16 சதுர மில்லிமீட்டர் வயரைப் போட்டு, தூரத்தைக் குறைத்த பிறகு இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே எண் வந்தது. அக்கா மறுபேச்சுப் பேசவில்லை.

இணைப்பதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் பாட்டரி, பிறகுதான் பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகுதான் பாட்டரி. சாப்பிடுகிறவன் வந்து உட்கார்ந்து இலை போட்ட பிறகல்லவா பரிமாற வேண்டும்? 12 வோல்ட் பேனல் என்று பெயரே ஒழிய, வெயிலில் சும்மா இருக்கும்போது அது 21, 22 வோல்ட் காட்டும். பாட்டரி இல்லாமல் அதை நேரே பெட்டியில் கொண்டுவந்து முட்டினால், சில பெட்டிகள் குழம்பிப்போகும். சில பெட்டிகள் கருகிப்போகும். பாட்டரியின் முனைக்கு அருகிலேயே பியூஸ் ஒன்றும் போட்டான். வயர் உரசித் தீப்பிடித்தால் தடுப்பதற்கு அந்தப் பியூஸைத் தவிர வேறு ஆள் கிடையாது.

பிறகு காற்றாடியின் விவகாரம். இதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது.

2021 ஆடி மாதத்தில், அக்கா ஒருநாள் இராத்திரி எனக்குப் போன் செய்தாள். "தம்பி, காத்தாடி ஊளையிடுது. பேய் புகுந்த மாதிரி இருக்கு. கொஞ்ச நேரம் சும்மா இருக்கு, திரும்பவும் கத்துது" என்றாள். மூன்றாம் நாள் அதில் ஓர் இறகு முறிந்து வாழைத் தோப்பில் போய் விழுந்தது. பகல் வேளையாக இருந்தால் அங்கே ஆள் வேலை செய்துகொண்டிருப்பான். அதற்கப்புறம் காற்றாடியைக் கயிற்றால் கட்டிப்போட்டிருந்தார்கள்.

வந்த ஆள், காற்றாடியின் வயரையும் சூரியனுக்கான பெட்டியிலேயே செருகியிருந்தான். பாட்டரி நிரம்பியதும் பெட்டி தன் தர்மப்படி இணைப்பைத் துண்டித்துவிட்டது. "அண்ணாச்சி, வெயிலுக்குக் கதவைச் சாத்தலாம். காத்துக்குச் சாத்தக் கூடாது. அதுக்கு ஏதாவது வேலை குடுத்துக்கிட்டே இருக்கணும்" என்றான் பையன்.

பேனலை வெயிலில் சும்மா விட்டால் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது. கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், அவ்வளவுதான். காற்றாடி அப்படியல்ல. மின்சாரத்தை எடுத்துக்கொள்ளுகிற பாரம்தான் அதற்குக் கடிவாளம். அந்தப் பாரத்தைத் திடீரென்று எடுத்துவிட்டால், இழுக்கும் வண்டியிலிருந்து மிரண்ட மாட்டை அவிழ்த்துவிட்ட கதைதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் பலம் எட்டு மடங்காகிறது. ஆடிக் காற்று, கணவாய்க் காற்று, கடிவாளம் இல்லாத காற்றாடி என்று மூன்றும் சேர்ந்தால் இறகு முறியாமல் என்ன செய்யும்?

ஆகவே காற்றாடிக்குத் தனியாக வேறு மாதிரிப் பெட்டி வேண்டும். அது இணைப்பைத் துண்டிப்பதில்லை. பாட்டரி நிரம்பியதும், மிச்ச மின்சாரத்தை வேறு ஒரு வாய்க்காலில் திருப்பிவிடுகிறது. ஏரி நிரம்பினால் கலிங்கு வழியாகத் தண்ணீர் போகிறதே, அதே சூத்திரம்தான். கலிங்கு இல்லாத ஏரி எத்தனை நாளைக்குக் கரை உடையாமல் இருக்கும்? பையன் 600 வாட் சூடேற்றும் கம்பி ஒன்றை வாங்கி வந்தான். காற்றாடி எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுகிற மாதிரி, அதைவிடப் பெரியதாக இருக்க வேண்டுமாம். அந்தக் கம்பியைக் குளியலறைக்கு மேல் இருந்த 100 லிட்டர் தொட்டியில் இறக்கினான். தொட்டி மூடி அழுத்தம் ஏறாதபடி திறந்திருக்க வேண்டும். தண்ணீர் வற்றவே கூடாது. தண்ணீர் சூடானவுடன் தானாக அணைகிற விசை எதையும் நடுவில் போடக் கூடாது. அணைந்தால் காற்றாடி மறுபடியும் கடிவாளம் இழந்துவிடும். புயல் நாளைக்கென்று காற்றாடியின் மூன்று வயர்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பிரேக் போடுகிற விசை ஒன்றும் வைத்தான்.

அளவு வைப்பதில் ஒரு சூட்சுமத்தையும் காட்டினான். கலிங்கு திறக்கும் அளவு, சூரியப் பெட்டியின் அளவைவிட இம்மி மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால், பாட்டரிக்குப் போக வேண்டிய சூரிய மின்சாரமும் தண்ணீர்த் தொட்டிக்கே ஓடிவிடும். சூரியனுக்கு 14.4 என்றால் காற்றுக்கு 14.6 என்று வைத்தான். அடுத்த படிக்கும் அதே மாதிரி கொஞ்சம் இடைவெளி விட்டான்.

கடைசியாக வயிறு காலியாகிற பக்கம். மூன்று நாள் தொடர்ந்து மூடம் போட்டு, காற்றும் அடங்கிவிட்டால் என்ன செய்வது? ஈயப் பாட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். "எதை முதலில் நிறுத்தலாம், அம்மா?" என்று பையன் கேட்டான். அக்கா யோசிக்கவே இல்லை. "விளக்கு அணைஞ்சா அகல் ஏத்திக்குவேன். விசிறி நின்னா ஓலை விசிறி இருக்கு. மருந்துப் பெட்டி மட்டும் நிக்கக் கூடாது" என்றாள். விளக்குகளையும் விசிறியையும் பெட்டியின் முனையில் இணைத்து, 12 வோல்ட் வந்ததும் தானாக நின்றுவிடும்படி வைத்தான். குளிர்ப்பெட்டிக்கு மட்டும் தனி வழி. இந்த ஒரு கேள்வியை முதலில் வந்த ஆள் கேட்டிருந்தானானால், மற்றவற்றையும் அவன் சரியாகச் செய்திருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது. யாருக்காக, எதற்காக மாட்டுகிறோம் என்று கேட்கிறவனுக்குத்தான் பெட்டியின் பொத்தானை அமுக்கிப் பார்க்க வேண்டும் என்கிற எண்ணம் வரும்.

இந்தச் சமாசாரம் ஒன்றும் புதிது அல்ல. ஈயப் பாட்டரியைப் பிரான்ஸ் தேசத்துக் காஸ்தோன் பிளாந்தே 1859-ஆம் வருஷத்திலேயே செய்துவிட்டார். 1887-இல் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் என்கிற பேராசிரியர், மேரிகர்க் என்ற கிராமத்துத் தம் வீட்டுத் தோட்டத்தில் காற்றாடி வைத்துப் பாட்டரியில் மின்சாரம் சேர்த்து விளக்கெரித்தார். மிச்சமான மின்சாரத்தில் கிராமத்துப் பெரிய வீதிக்கு விளக்குப் போட்டுத் தருகிறேன் என்று கேட்டார். ஊர் ஜனங்கள் அது பிசாசின் வேலை என்று வேண்டாம் என்றுவிட்டார்கள். அடுத்த வருஷம் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் சார்லஸ் பிரஷ் என்பவர், 144 இறகு உள்ள பெரிய காற்றாடியைத் தம் மாளிகையின் பின்புறத்தில் நிறுத்தி, நிலவறை நிறையப் பாட்டரிகளை அடுக்கினார். ஆள் பக்கத்தில் நிற்காமலே சார்ஜை அடக்கி ஆளுகிற ஏற்பாடும் அதில் இருந்தது. இருபது வருஷம் போல அது ஓடியது. அன்றைக்கு ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்த அறிவு இன்றைக்கு உள்ளங்கையில் அடங்கிவிட்டது. கவனம் மட்டும் இன்னும் எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்கி வரவில்லை. அதை மனிதன்தான் கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருக்கிறது.

பையன் போகும்போது ஒரு வெள்ளைத் தாளில் பாட்டரியின் ஜாதி, 14.4, 13.6, 14.6, 12 என்ற எண்கள், தேதி எல்லாவற்றையும் எழுதி, பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போனான். "நான் இல்லாவிட்டாலும் அடுத்து வருகிறவனுக்குத் தெரியணும்லா?" என்றான். கூலியாக அவன் கேட்ட தொகை, செத்துப்போன ஒரு பாட்டரியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

2025 ஆடியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அதே பாட்டரிகள்தான் இருந்தன. தினமும் வெயில் ஏறுவதற்கு முன்னால் பெட்டியில் தெரிகிற எண்ணைப் பார்த்து, கிழிக்கிற காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்து வைக்கிறாள். மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து தண்ணீர் பார்க்கிறாள். காற்றாடி சுழன்றுகொண்டிருந்தது, ஊளை இல்லை. காற்று முழு மூச்சாக அடித்தால், அந்தத் தொட்டித் தண்ணீர் மணிக்கு மூன்று டிகிரிக்கு மேல் சூடாகுமாம். விடியற்காலையில் குளிக்கப் போனேன். தண்ணீர் பொறுக்கிற சூட்டில் இருந்தது. "இன்னும் ரெண்டு வாளி ஊத்திக்கோ தம்பி, ராத்திரி முழுக்க அடிச்ச காத்து" என்று அடுக்களையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.